ஓராண்டுக்குள் அரிது

தேசிய நூலகத்தின் மூன்றாம் மாடிக்குக் கதை படிக்க யாரும் வருவதில்லை. சோப்புக் கட்டி ஏன் வியர்க்கிறது என்று கேட்டுக்கொண்டு சோப்பு செய்கிறவர் வருவார். பம்பு செய்கிறவர், வாங்குகிறவன் கேட்கும் தரநிர்ணயம் எந்த ஏட்டில் இருக்கிறதென்று தெரியாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நிற்பார். நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். சந்தா கட்டிய தொழிற்சாலைகளுக்கு நூலகமே தேடி, படித்து, சுருக்கி, தட்டச்சு செய்து அனுப்பிவைக்கும். அந்த வேலைக்குத் தொழில் தகவல் சேவை என்று பெயர். செய்தவர்கள் இரண்டே பேர்.

ஒருவரை எல்லோரும் மின்னல் என்பார்கள். காலையில் கேள்வி வந்தால் மாலைக்குள் பதிலை அனுப்பிவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொள்வார். இன்னொருத்தி அவருக்கு நேரெதிர். அடித்தளக் கிடங்குக்கே இறங்கிப் போய், இரும்பு அலமாரியிலிருந்து பழைய ஆய்விதழ்களை இறக்கி, மேற்கோளுக்கு மேற்கோள் பிடித்து மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். அவளுடைய அறிக்கை தாமதமாக வரும். ஆனால் வந்தால் அதில் கைவைக்க எதுவும் இருக்காது. கம்பெனிகளுக்கு அது தெரியும். முக்கியமான விஷயமென்றால் அவளையே கேட்பார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனோடும் அண்ணியோடும் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பொதுப் படிக்கட்டு. அண்ணன் சரக்கு வேன் ஓட்டினான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசும் பெரிசு. நாத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"லைப்ரரி, வந்து சாப்பிடு. ஆறிப்போனா மறுபடி சூடு பண்ண உன் புத்தகத்தைத்தான் எரிக்கணும்" என்பாள்.

அந்த வருஷம் ஒரு செருப்புத் தொழிற்சாலையிலிருந்து கேள்வி வந்தது. கேட்டவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. மெதுவாக, மரியாதையாகப் பேசுகிறவர். அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டும் பசையில் ஒரு கரைப்பான் கலக்கிறார்கள். அதன் ஆவியை நாள் முழுக்க சுவாசிக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது கேள்வி.

"குறிப்பா, எத்தனை நாள்ல தெரிய ஆரம்பிக்கும்னு வேணும் மேடம். அதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றார்.

"எதுக்குன்னு தெரிஞ்சா தேடறதுக்குச் சுலபமா இருக்கும்."

"வேற எதுக்கு? நம்மகிட்ட வேலை செய்யறவங்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் எல்லோரும் சரக்கைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், ஆளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பொது அலமாரியிலும் கிடங்கிலும் தும்மித் தும்மி வேலை செய்தாள். வெவ்வேறு நாட்டுத் தொழிற்சாலைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முதலில் கால் விரல் மரத்துப்போகும், பிறகு கை விரல், அப்புறம் பிடி தளரும். நரம்பு முனையிலிருந்து கருகிக்கொண்டு வரும். மூன்று பக்கத்தில் சுருக்கினாள். முதல் பக்கத்தின் கடைசியில் இப்படி எழுதினாள்: "ஓராண்டுக்குக் குறைந்த காலம் இதில் வேலை செய்தவர்களிடம் அறிகுறிகள் தென்படுவது அரிது." இரண்டாம் பக்கத்தில், வேலையை விட்ட பிறகும் சில மாதங்களுக்குப் பாதிப்பு வளர்ந்துகொண்டே போகலாம் என்றும், வேலையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாதவர்களுக்கு வீட்டில் இருக்கும்போது வெளிப்படலாம் என்றும் எழுதினாள். மூன்றாம் பக்கம் காற்றோட்டத்தைப் பற்றியும் மாற்றுப் பசையைப் பற்றியும்.

பாதுகாப்பு அதிகாரி போனில் நன்றி சொன்னார். பிரிவுத் தலைவர், தொழிற்சாலையின் பெயரை மறைத்து அந்த அறிக்கையைக் கீழ்த்தளக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். நூலகம் தொழிலுக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு மாதிரியாம். போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்த்துக்கொள்வாள்.

சில மாதம் கழித்து அண்ணி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "செருப்புக் கம்பெனியில பொம்பளைங்களை எடுக்கறாங்களாம். மேல் வீட்டக்கா போறாங்க. நானும் போலாம்னு பார்க்கறேன். வீட்ல உக்காந்து உங்க அண்ணன் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தா எனக்குக் கண்ணு போயிடும்."

அண்ணன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். "எப்படிப்பட்ட கம்பெனி அது? உனக்குத் தெரியுமா?"

யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பதை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அந்தச் சேவையின் முதல் விதி. ஒரு கம்பெனி எதைத் தேடுகிறது என்று தெரிந்தாலே போட்டிக்காரன் முந்திக்கொள்வான். இத்தனை காலத்தில் அவள் அதை மீறியதில்லை. அப்போதும் மீறவில்லை. ஆளைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்ட ஒரே கம்பெனி அதுதான் என்பது மட்டும் மனதில் இருந்தது. மூன்று பக்கத்தையும் படித்திருப்பார்கள், பசையை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

"நல்ல கம்பெனிதான். பயப்படாம போகலாம்" என்றாள்.

அண்ணி வேலைக்குப் போன முதல் நாளே வீட்டில் அந்த வாடை வந்துவிட்டது. இனிப்பும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாடை. துணியைத் துவைத்தாலும் தலைமுடியில் தங்கியது. நாத்தனார் கேட்டாள்.

"அண்ணி, அங்க காத்தாடி, புகைபோக்கி ஏதாவது வெச்சிருக்காங்களா?"

"இருக்கே. மேனேஜர் ரூம்ல ஜில்லுன்னு காத்து வருது. நாங்க கையெழுத்துப் போடப் போகும்போது அஞ்சு நிமிஷம் நின்னு அனுபவிச்சிட்டு வருவோம்."

"ஜன்னல்?"

"தூசி உள்ள வந்தா பசை பிடிக்காதாம். மூடித்தான் வெப்பாங்க. எதுக்கு இத்தனை கேள்வி? நீயும் வேலைக்கு வரப்போறியா?"

மறுநாள் அவள் பாதுகாப்பு அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தாள். சேவையின் தரத்தை அறிய என்று ஏதோ சொல்லிவிட்டு, அறிக்கை பயன்பட்டதா என்று கேட்டாள்.

"ரொம்பப் பயன்பட்டுது மேடம். எங்க முதலாளியே படிச்சார். அதை வெச்சு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்றார் அவர்.

என்ன ஏற்பாடு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பிரிவுத் தலைவரிடம் போய், வீட்டாள் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், சொல்லலாமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னைக்கு அண்ணி, நாளைக்கு மின்னலோட மச்சான். அப்புறம் எந்தக் கம்பெனி நம்மளை நம்பிக் கேக்கும்? கட்டுரையெல்லாம் பொது அலமாரியிலதானே இருக்கு, வேணும்னா யார் வேணா வந்து படிச்சிக்கட்டும்."

வீட்டில் ஒரு முறை, "அந்த வேலை வேண்டாம் அண்ணி, அந்தப் பசை நல்லதில்லை, படிச்சேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணி சிரித்தாள். நீ படிக்காதது என்ன இருக்கு என்றாள். அண்ணன்தான் எரிந்து விழுந்தான். "போன்னு சொன்னதும் நீ, வேண்டாம்னு சொல்றதும் நீ. அவ என்ன பந்தா, அங்கயும் இங்கயும் உதைக்க?"

அவள் சமையலறைக்குப் போனாள். உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓராண்டுக்குள் அரிது. அவளே மூலத்தைப் பார்த்து எழுதிய வரி, தப்பாக இருக்காது. ஒரு வருஷம் முடிவதற்குள் எப்படியாவது அண்ணியை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அண்ணன் கோபம் தணியட்டும், நல்ல நேரம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இப்படியே மாதங்களை நகர்த்தினாள். அண்ணிக்குத் தலைவலி வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

வருஷம் முடிய இன்னும் சில வாரம் இருக்கும்போது அண்ணி ஒரு ஜோடி புதுச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"நின்னுக்கச் சொல்லிட்டாங்க. ஆர்டர் கொறஞ்சுபோச்சாம். ஆனா மரியாதையாத்தான் அனுப்பினாங்க, செருப்பெல்லாம் குடுத்து. மேல் வீட்டக்காவையும் போன வாரம்தான் நிறுத்தினாங்க. எனக்கு முன்னாடி சேர்ந்தவங்களையும் இப்படித்தான், ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள. புதுசா ஆள் மட்டும் வந்துட்டே இருக்கு."

நாத்தனாருக்கு முதலில் வந்தது நிம்மதி. இரண்டு கையாலும் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு என்றாள். வேலை போனதற்கு இப்படி ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று அண்ணிக்கு ஆச்சரியம். இரவு படுக்கையில் புரண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆர்டர் குறைந்த கம்பெனி புது ஆட்களை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்பாடு என்னவென்று இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் அண்ணி படிக்கட்டில் ஏறி வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது கீழே கழன்று கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் கையிலிருந்து டம்ளர் நழுவியது. சட்டைப் பட்டனைப் போட விரல் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு சுவரைப் பிடிக்கவும் கை உதவவில்லை. மேல் வீட்டக்காவுக்கு இன்னும் மோசம். படுத்த படுக்கை.

நரம்பு மருத்துவர் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். நாத்தனார் மூன்றாம் மாடிப் பொது அலமாரியிலிருந்து அந்தக் கட்டுரைகளை நகலெடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, இதேதான் என்றார். முழுசாகச் சரியாகுமா என்று அண்ணன் கேட்டான். அவர் கட்டுரைகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை போன பெண்கள் சிலர் சேர்ந்து தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அண்ணியின் மனுதான் முதலில் விசாரணைக்கு வந்தது. அது ஜெயித்தால் மற்றவையும் ஜெயிக்கும் என்றார்கள். கம்பெனி வக்கீல் ஓர் அறிக்கையைச் சாட்சியமாகக் கொடுத்து, அது உண்மையானதுதானா என்று தேசிய நூலகம் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"எழுதினவங்களே போறதுதான் முறை" என்றார் பிரிவுத் தலைவர். "ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க. இது நம்ம நூலகத்துக்குப் பெருமைதானே. நம்ம அறிக்கை ஒரு விசாரணையில நிக்குது பாருங்க."

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. நீள மேசை, அதன் பின்னால் விசாரணை அதிகாரி, சுவரில் ஓடாத கடிகாரம். அண்ணியை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். நாத்தனார் எதற்காக வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்களுக்காகப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து அண்ணி கண்ணால் சிரித்தாள்.

வக்கீல் ஒரே ஒரு தாளை அவளிடம் நீட்டினார். முதல் பக்கம்.

"இதை எழுதினது நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"கடைசி வரியைக் கொஞ்சம் வாசிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவள் வாசித்தாள். தன் வாக்கியம் இவ்வளவு தெளிவாக இருந்ததை அன்றுதான் வெறுத்தாள்.

"மனுதாரர் எங்ககிட்ட ஒரு வருஷத்துக்கும் கொறைவாத்தான் இருந்தாங்க. தேசிய நூலகமே சொல்லுது, அதுக்குள்ள வராதுன்னு."

"வராதுன்னு எழுதலை, அரிதுன்னு எழுதியிருக்கேன். இது முதல் பக்கம்தான். அடுத்த பக்கத்துல, வேலையை விட்ட அப்புறமும் வளரும்னு இருக்கு. கட்டுரையெல்லாம் கையோட கொண்டுவந்திருக்கேன்."

"அடுத்த பக்கம் இங்க தாக்கல் ஆகலை" என்றார் வக்கீல்.

விசாரணை அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். "கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கம்மா."

"ஐயா, இவங்க இதை வெச்சுத்தான் ஆளை நிறுத்தறாங்க. எப்ப தெரிய ஆரம்பிக்கும்னு என்கிட்ட கேட்டுட்டு, அதுக்கு முன்னாடி வெளிய அனுப்பறாங்க."

வக்கீல் கோபப்படவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி ஒரு தாளைப் புரட்டினார்.

"மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணி."

"அவங்க வாக்குமூலத்துல ஒண்ணு சொல்லியிருக்காங்க. வாசிக்கறேன். 'என் நாத்தனார் பெரிய லைப்ரரியில இருக்காங்க. எல்லாம் படிச்சவங்க. அவங்கதான் நல்ல கம்பெனி, பயப்படாம போகலாம்னு சொன்னாங்க.' நீங்க அப்படிச் சொன்னது உண்மையா?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள்.

"உண்மைதான்."

"அப்ப இந்த அறிக்கையை எழுதி முடிச்சிருந்தீங்களா?"

"முடிச்சிருந்தேன்."

"ஆக, இந்தப் பசையைப் பத்தி உலகத்துல எழுதினது எல்லாத்தையும் படிச்ச ஒருத்தர், படிச்சு முடிச்ச அப்புறம், சொந்த அண்ணியை அங்க வேலைக்கு அனுப்பியிருக்கார். ஆபத்துன்னு அவங்களே நினைச்சிருந்தா அனுப்பியிருப்பாங்களா? இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லை."

அண்ணியின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. புரிய நேரம் பிடித்தது. அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மனு தள்ளுபடியானது. மற்ற மனுக்களும் அதன் பின்னாலேயே போயின.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அண்ணன் சாப்பாட்டை அறைக்குள் எடுத்துப்போய் மனைவிக்கு ஊட்டினான். தங்கை சமைத்தால் அதைத் தொடாமல் மூடி வைத்துவிட்டு, தானே வேறு சமைத்தான். நாலைந்து நாள் அப்படிப் போனது. ஒரு மத்தியானம் அவன் வேன் எடுத்துக்கொண்டு போனதும் அவள் அண்ணியின் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணி கேட்டாள். லைப்ரரி என்று கூப்பிடவில்லை.

"பசையைப் பத்தித் தெரியும். ஆனா மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன் அண்ணி. அப்புறம் வாடை வந்தப்ப, ஒரு வருஷத்துக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அதுக்குள்ள உங்களை நிறுத்திடலாம்னு."

"ஒரு வருஷம் வரைக்கும் வெச்சிருக்கலாம்னு அவங்களும் நெனச்சாங்க, நீயும் நெனச்சே." அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்களுக்காவது நான் யாரோ ஒருத்தி."

அவள் அழுதாள். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மூக்கைச் சிந்திட்டு என்னைக் குளியலறைக்குக் கூட்டிட்டுப் போ. உங்க அண்ணன் வர வரைக்கும் அடக்க முடியாது" என்றாள். தூக்கும்போது அண்ணியின் உடம்பு அவள்மேல் சாயவில்லை. முடிந்தவரை விலகியே இருந்தது. திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்ததும் அண்ணி சொன்னாள். "அவர் வேற வீடு பாத்துட்டார். கீழ்த்தளத்துல, படி இல்லாம. நீ வர வேண்டாம்னு சொல்லச் சொன்னார். அவர் சொல்லலைன்னாலும் நான் சொல்லியிருப்பேன்."

நூலகத்தில் பிரிவுத் தலைவர் குறிப்பாணையைத் தன் கையாலேயே கொடுத்தார். வாடிக்கையாளரின் ரகசியத்தை விசாரணையில் வெளியிட்டது குற்றம். வேலையை விட்டு நீக்காதது பழைய சேவைக்குக் காட்டிய கருணை. கீழ்த்தள வாசலில் வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து, அடையாளத்துக்கு எண் பொறித்த வில்லை கொடுக்கும் இடத்தில் அவளைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டி நேரே தெரியும். அறிக்கையை யாரும் எடுக்கவில்லை.

காலையிலிருந்து மாலை வரை பை வாங்கினாள், வில்லை கொடுத்தாள், வில்லை வாங்கினாள், பை கொடுத்தாள். சோப்புக்காரர் அடையாளம் கண்டு, என்னம்மா இங்க என்றார். மாத்தியிருக்காங்க என்றாள். அவர் அவசரமாக மேலே போய்விட்டார்.

ஒரு நாள் காலை செருப்புத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். அதுவரை அவரைக் குரலாகத்தான் அவளுக்குத் தெரியும். பையை நீட்டி, மூன்றாம் மாடிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. அவள் பதில் சொன்னதும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

"மேடம், நீங்களா? உங்களை மாதிரி யாரும் தேடித் தர மாட்டாங்கன்னு நான் இப்பவும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "அண்ணி எப்படி இருக்காங்க?"

"படுத்திருக்காங்க."

"பாவம். நேரம் சரியில்லைன்னா இப்படித்தான்."

அவள் வில்லையைக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். வெகுநேரம் மின்னலோடு உட்கார்ந்திருந்தார்.

மத்தியான உணவு வேளையில் மின்னல் டீ குடிக்க இறங்கி வந்தபோது அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கேட்டார்?"

மின்னல் சுற்றுமுற்றும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் வீட்டை விட்டுத் தனி அறை எடுத்தபோது சாமான் தூக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

"அதை எப்படிங்க நான் சொல்றது? நீங்கதானே எனக்கு இந்த விதியையே சொல்லிக்குடுத்தீங்க."

"பசையைப் பத்தியா? எத்தனை மாசத்துல அனுப்பிட்டா அப்புறமும் தெரியாதுன்னு கேட்டாரா? ஆறு மாசமா, எட்டு மாசமா? அதை மட்டும் சொல்லுங்க."

"கையில டீ ஆறுது, விடுங்க" என்று சொல்லி அவர் விலகிப் போனார்.

அவள் மேலே போகப் பார்த்தாள். காவலாளி, கவுண்டரை விட்டு எங்கே போகிறீர்கள், ஆள் நிற்கிறது பாருங்கள் என்றான். உண்மையிலேயே ஆள் நின்றது. அவள் திரும்பி வந்து பைகளை வாங்கினாள்.

மாலையில் பாதுகாப்பு அதிகாரி இறங்கி வந்தார். கையில் புது அறிக்கை, மடிக்காத வெள்ளைத் தாள்கள். மின்னல் வழக்கம்போல் அன்றைக்கே முடித்துவிட்டிருந்தார். அதிகாரி வில்லையை நீட்டினார். அவள் அலமாரியிலிருந்து பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். தாள்கள் கசங்காமல் உள்ளே போக, அவர் ஒரு கையால் சிரமப்பட்டார்.

"கொஞ்சம் பிடிக்கறீங்களா மேடம்?" என்றார்.

அவள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். மேல் தாளின் முதல் வரியையாவது படித்துவிடலாம் என்று குனிந்தாள். அவர் தாள்களைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே செருகினார்.